என் மெஷினில் மட்டும் செக்ஸ்டைல் ஃபெயில் ஆகுதுங்க

ஜனவரி 6, வந்த கேள்வி

"அண்ணா, ஜவ்வரிசி மில்லுக்கு எடைச்சீட்டு போடுற ஜாவா ப்ராஜெக்ட்ங்க. கம்பைல் ஆகுது, டெஸ்ட் எல்லாம் பச்சை. பில்ட் பண்ற மேவன்ல வெரிஃபை படி வரும்போது, கோடு எழுதுற பாணியைச் சோதிக்கிற செக்ஸ்டைல்ல மட்டும் விழுகுது. வரி 100 எழுத்தைத் தாண்டிருச்சாம், 143 இருக்காம். அந்த வரியை விரல் வச்சு எண்ணிப் பாத்துட்டேன், 100ஐத் தொடவே இல்லைங்க. இதே கோடு சர்வர்ல பாஸ் ஆகுது. டூல்லயே பக் இருக்குங்களா? பேசாம அந்தச் சோதனையே வேணாம்னு ஸ்கிப் போட்டுரலாமா?"

ஜனவரி 6, இரவு

ஸ்கிப் வேண்டாம் தம்பி. இன்றைக்கு ஒரு நாளைக்கு என்று போடுகிற ஸ்கிப்தான் ரிலீஸ் வரைக்கும் பாம் ஃபைலில் (மேவனுக்கான அமைப்பு ஃபைல்) உட்கார்ந்திருக்கும். சேலத்தில் நான் பார்த்த முக்கால்வாசி ப்ராஜெக்ட்டில் அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

டூலில் பக் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 2001 முதல் ஓடிக்கொண்டிருக்கிற கருவி. வரியின் நீளத்தை எண்ணுவதில் அது தப்புச் செய்கிறது என்றால் உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் கத்தியிருப்பார்கள். அது எண்ணுவது சரி, எதை எண்ணுகிறது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, டேப். எடிட்டர் ஒரு டேப்பை நாலு இடமாகக் காட்டும். செக்ஸ்டைல் வேறு ஏதும் சொல்லாவிட்டால் ஒரு டேப்பை எட்டு என்று கணக்கெடுக்கும். ஆனால் டேப்தான் காரணம் என்றால் சர்வரிலும் விழுந்திருக்க வேண்டுமே. ஆகவே இரண்டாவதன் மேல்தான் எனக்குச் சந்தேகம்: அந்த வரியில் தமிழ் இருக்கிறதா?

வரியை அப்படியே அனுப்புங்க. கூடவே லாக் முழுசாக, முதல் வரியிலிருந்து. கடைசி பத்து வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்க. லேப்டாப்பில் எந்த ஜேடிகே (ஜாவா தொகுப்பின் பதிப்பு) என்பதையும் எழுதுங்க.

ஜனவரி 7

தமிழேதான். வரியில் இருக்கும் சரம் இது: "குச்சிக்கிழங்கு நிகர எடை கிலோவில்". விண்டோஸ் லேப்டாப், ஜேடிகே 17. சர்வர் லினக்ஸ்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். "குச்சிக்கிழங்கு" நம் கண்ணுக்கு எட்டு எழுத்து: கு, ச், சி, க், கி, ழ, ங், கு. யூனிகோடில் அது 15. க தனி, உகரக் குறி தனி, ச தனி, புள்ளி தனி என்று எண்ண வேண்டும். "நிகர" 4, "எடை" 3, "கிலோவில்" 8. மொத்தம் 30 தமிழ்க் குறிகள். வரியில் மிச்சமிருப்பவை, இடைவெளி எல்லாம் சேர்த்து 53. ஆக வரி 83. சர்வரில் இருக்கும் செக்ஸ்டைல் இந்த 83ஐத்தான் பார்க்கிறது, பாஸ் போடுகிறது.

யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் (எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அந்த ஃபைலை யாராவது விண்டோஸின் பழைய மேற்கத்திய என்கோடிங்கான சிபி1252 என்று நினைத்துப் படித்தால் ஒரு பைட்டை ஒரு எழுத்து என்று எடுத்துக்கொள்வார்கள். 30 குறி 90 ஆகிவிடும். 53ஐயும் 90ஐயும் கூட்டினால் 143. உங்கள் லாக்கில் இருக்கும் அதே எண்.

அப்புறம், லாக்கின் மேல்பகுதியில் மஞ்சளில் ஒரு வரி இருக்கிறதே, பார்த்தீங்களா? ஃபைல் என்கோடிங் செட் ஆகவில்லை, பிளாட்ஃபார்ம் என்கோடிங் சிபி1252 பயன்படுத்துகிறேன், இந்த பில்ட் பிளாட்ஃபார்மைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அது வேலையையே ஆரம்பித்திருக்கிறது. மஞ்சள் என்பதால் யாரும் படிப்பதில்லை.

பாம் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் ப்ராஜெக்ட்.பில்ட்.சோர்ஸ்என்கோடிங் என்று ஒரு வரி சேர்த்து யுடிஎஃப்-8 கொடுங்க.

ஜனவரி 7, மாலை

பாஸ் ஆகிவிட்டதாம். சந்தோஷம். ஆனால் உடனே அடுத்த கேள்வி கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி: "என்கோடிங் தப்புன்னா கம்பைல் மட்டும் எப்படிங்க ஆச்சு?"

ஆகியிருக்கக் கூடாதுதான். அதுவும் புள்ளி வைத்த தமிழ் இருக்கிற ஃபைல் சிபி1252இல் நிச்சயம் கம்பைல் ஆகாது. காரணம் நம் மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளியின் மூன்றாவது பைட் ஹெக்ஸில் 8டி. சிபி1252 அட்டவணையில் அந்த இடம் காலி. ஜாவா கம்பைலர் இந்த பைட்டுக்கு எழுத்தே இல்லை என்று எர்ரர் போட்டு நின்றுவிடும். புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ போல காலி இடத்தில் விழும் எதுவும் இல்லாத தமிழ்ச் சரம் என்றால் சத்தமில்லாமல் கம்பைல் ஆகி, சீட்டில் மட்டும் குப்பையாக அச்சாகும். வரிசையாக, தலைமேல் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர். பார்த்திருப்பீங்க.

உங்களுடையது ஏன் ஆனது என்றால், யாரோ புண்ணியவான் பாம் ஃபைலில் கம்பைலர் ப்ளகின் (மேவனோடு சேரும் துணைக்கருவி) உள்ளே மட்டும் யுடிஎஃப்-8 என்று எழுதி வைத்திருக்கிறார். கம்பைலர் அதைக் கேட்டுக்கொண்டது. செக்ஸ்டைல் ப்ளகின் அங்கே போய்ப் பார்க்காது. அது பார்ப்பது ப்ராஜெக்ட் முழுமைக்குமான அந்த ப்ராப்பர்ட்டியை. அது காலி என்றால் கம்ப்யூட்டரின் வழக்கம் எதுவோ அதுதான். கம்பைலர் போல இது நிற்கவும் நிற்காது. புரியாத பைட்டுக்கு ஒரு மாற்றுக் குறியைப் போட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டே போகும்.

கம்பைலருக்குள் இருக்கும் அந்த வரியை இப்போது எடுத்துவிடலாம். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரு நாள் இரண்டும் வேறு வேறாகிவிடும்.

ஜேடிகே 18இல் இருந்து, அதாவது 2022 மார்ச்சுக்கு அப்புறம், விண்டோஸிலும் வழக்கம் யுடிஎஃப்-8தான். லேப்டாப்பில் 21 போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வெளியே தெரிந்திருக்காது. தெரிந்தது நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு நல்லது என்றே படுகிறது.

ஜனவரி 9

சூரமங்கலத்திலிருந்து ஒரு மேடம் எழுதியிருக்கிறார். அவர் டீமில் வெரிஃபை ஓட்டினால் பாஸ். கமாண்ட் லைனில் மேவன் செக்ஸ்டைல்:செக் என்று தனியாக ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எர்ரர். பேக்கேஜ்-இன்ஃபோ ஃபைல் இல்லை, பாராமீட்டர் ஃபைனலாக இல்லை, மேஜிக் நம்பர், வரி 80ஐத் தாண்டியது. "நாங்க இந்த ரூல் எதையும் வைக்கவே இல்லையே?"

வைக்கவில்லைதான். அது சன் ரூல், ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் பழைய பாணி விதிகள். உங்கள் ரூல் ஃபைலின் இடத்தை பாம் ஃபைலில் எக்ஸிக்யூஷன் பகுதிக்கு (ப்ளகின் எந்தப் படியில் ஓடணும் என்று சொல்லும் இடம்) உள்ளே எழுதியிருப்பீங்க. வெரிஃபை ஓடும்போது அந்த எக்ஸிக்யூஷன் ஓடும், உங்கள் ஃபைலை எடுக்கும். தனியாகக் கூப்பிட்டால் அந்த எக்ஸிக்யூஷன் கணக்கிலேயே வராது. ரூல் ஃபைல் எது என்று தெரியாததால் ப்ளகின் தன்னிடம் இருக்கும் சன்_செக்ஸை எடுத்துக்கொள்ளும். அந்த கான்ஃபிகரேஷனை ஒரு படி மேலே, ப்ளகினுக்கு நேர் கீழே நகர்த்துங்க. இரண்டு வழியிலும் ஒரே ரூல் ஓடும். நகர்த்த முடியாத நிலை என்றால் செக்ஸ்டைல்:செக் என்பதற்குப் பின்னால் ஒரு அட் குறி போட்டு எக்ஸிக்யூஷனின் ஐடியைக் கொடுக்கலாம். மேவன் 3.3.1 முதல் இது வேலை செய்யும்.

தங்கள் கோடில் 80க்கு மேல் வரி என்று யாராவது சொன்னாலே நான் முதலில் கேட்பது, இது உங்கள் ரூல்தானா என்பதைத்தான். வீடு மாறி வந்த தபாலைப் பிரித்துப் படித்து அழுகிற கதை இது.

ஜனவரி 11, ஏற்காடு

காபிப் பழம் பறிக்கிற சமயம் என்பதால் நாகலூரில் மாமனார் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். பனி இறங்கினால் நெட் போய்விடுகிறது. பனிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீங்க, இங்கே எல்லாவற்றுக்கும் பனியைத்தான் சொல்வார்கள்.

நெட் இல்லாமல் மேவனை ஆஃப்லைனில் ஓட்டினேன். ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) எல்லாம் கையில் இருந்தும் ஒரு பழைய ப்ராஜெக்ட் செக்ஸ்டைலில் விழுந்தது. ரூல் எதுவும் மீறவில்லை. ரூல் ஃபைலையே படிக்க முடியவில்லை என்கிறது. திறந்து பார்த்தால் மேலே டாக்டைப் வரியில் (ஃபைலின் இலக்கணம் எது என்று சொல்லும் வரி) பப்ளிக் ஐடியை யாரோ கையால் தட்டச்சு செய்து, இருக்க வேண்டிய ஒரு சாய்கோடு காணோம். சரியான ஐடி என்றால் டிடிடி என்ற அந்த இலக்கண ஃபைலைச் செக்ஸ்டைல் தன் ஜாருக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும், நெட் தேவையே இல்லை. அடையாளம் தெரியாத ஐடி என்றால் பக்கத்தில் இருக்கும் இணைய முகவரிக்குப் போய்க் கேட்கும். கீழே சேலத்தில் நெட் இருந்ததால் இத்தனை காலமும் ஒவ்வொரு பில்டுக்கும் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. நெட்டை அடைத்து வைத்திருக்கும் பில்ட் சர்வரில் மட்டும் விழுகிறது என்றால் இதையும் ஒரு பார்வை பாருங்க. ரூல் ஃபைலையே இணைய முகவரியாகக் கொடுத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

ஜனவரி 12

மலையிறங்கி வந்ததும் பார்த்தேன், இரண்டு பேர் பதிப்பு மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் திசை வேறு.

ஒருவர் செக்ஸ்டைல் ப்ளகின் 3.1.2இல் இருந்துகொண்டு கோடில் ரெகார்டு (தரவை மட்டும் வைத்திருக்கும் கிளாஸ் வகை) எழுதுகிறார். ஜாவாவில் ரெகார்டு 16இல் நிலைத்தது. அந்த ப்ளகின் கூடவே கொண்டுவருவது செக்ஸ்டைல் 8.29. ரெகார்டு என்றால் என்ன என்று செக்ஸ்டைலுக்குத் தெரிந்ததே 8.36இல். ஸ்டைல் சரியில்லை என்று அது சொல்லவில்லை, ஃபைலைப் பார்ஸ் செய்யவே முடியவில்லை என்று எக்செப்ஷன் போடுகிறது. இரண்டும் வேறு வேறு வியாதி, லாக்கில் பிரித்துப் பார்க்கப் பழகணும். ப்ளகின் டிபென்டன்சியில் செக்ஸ்டைலைத் தனியாகக் கொடுத்துப் பதிப்பை ஏற்றிக்கொள்ளலாம். செக்ஸ்டைல் 10ஆம் வரிசைக்குப் போவதானால் மேவன் ஓடும் ஜாவா 11ஆவது இருக்கணும்.

இன்னொருவர் பதிப்பை ஏற்றிவிட்டார், ரூல் ஃபைல் பழசு. லைன்லெங்த்துக்கு (வரி நீள ரூல்) ட்ரீவாக்கர் (கோடின் அமைப்பைப் பார்க்கும் ரூல்கள் இருக்கும் பகுதி) பெற்றோராக இருக்க முடியாது என்று வருகிறது. 8.24இல் லைன்லெங்த்தை ட்ரீவாக்கருக்குள்ளிருந்து வெளியே எடுத்து, ரூல் ஃபைலின் உச்சியில் இருக்கும் செக்கருக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள். எக்ஸ்எம்எல்லில் அந்த மாட்யூலை வெட்டி வெளியே ஒட்டினால் முடிந்தது. கோடைத் தொடவே வேண்டாம்.

ஜனவரி 18

பொங்கல் எல்லாம் முடிந்து உட்கார்ந்தால், 12ஆம் தேதி வெட்டி ஒட்டச் சொன்னவரிடமிருந்து புகார். ஒட்டினாராம். பில்ட் ஓடுகிறது. ஆனால் பழைய கோடில் நீளமான வரிகளைச் சுற்றி செக்ஸ்டைல் ஆஃப், ஆன் என்று கமென்ட் போட்டு மறைத்து வைத்திருந்ததெல்லாம் இப்போது வேலை செய்யவில்லை. எல்லா வரியும் எர்ரராக வந்து நிற்கிறது.

அன்றைக்குச் சொன்னதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அந்தக் கமென்ட்டைப் படிப்பது சப்ரெஷன்கமென்ட்ஃபில்டர். அது இருப்பது ட்ரீவாக்கருக்குள், அதிகாரமும் ட்ரீவாக்கருக்குள் இருக்கும் செக்குகள் மேல்தான். லைன்லெங்த் வெளியே போனதும் கமென்ட் அதைக் கட்டுப்படுத்தாது. செக்கருக்குக் கீழே சப்ரெஸ்வித்ப்ளெயின்டெக்ஸ்ட்கமென்ட்ஃபில்டர் என்று ஒன்று சேர்க்கணும். பெயரே 30 எழுத்தைத் தாண்டும்! அதன் இயல்பு வடிவத்தில் இரண்டு சாய்கோடும் ஒரு இடைவெளியும் சேர்த்தே தேடும். இடைவெளி விடாமல் கமென்ட் எழுதிய இடங்களில் பிடிக்காது, கவனம்.

அதற்கு முன்னால், எத்தனை இடத்தில் மறைத்திருக்கிறீங்க என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. அந்த எண்ணைப் பார்த்த பிறகு வரம்பை 120 ஆக்குவதே நாணயம் என்று தோன்றினால் அப்படியே செய்யுங்க. 100 என்பது கூகுள் தன் ஜாவா கோடுக்கு வைத்த ஸ்டைலின் அளவு. மில்லுக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜனவரி 19

120 சொன்னதற்குச் சிலருக்குக் கோபம். சரி. 100ஐ வைத்துக்கொண்டு ஃபைலுக்கு ஃபைல் ஆஃப் கமென்ட் போடுகிறவர்களைவிட 120 வைத்து ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்கள் மேல் என்பதுதான் என் கட்சி. மாறப்போவதில்லை.

ஜனவரி 24

ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பேசியதில் வந்தவை, சின்னச் சின்னதாக.

ஜிஎஸ்டி. மெத்தட் பெயரில் மூன்று எழுத்தும் பெரிதாக எழுதினால் கூகுள் ரூல் ஒத்துக்கொள்ளாது. சுருக்கப் பெயரில் அடுத்தடுத்து பெரிய எழுத்து வரக்கூடாது. முதல் எழுத்து பெரிது, மற்ற இரண்டும் சிறிது என்று எழுதினால் விட்டுவிடும். பில்லிங் எழுதும் ஊர் இது, எல்லோருக்கும் இது வரும். டேட்டாபேஸ் ஃபீல்டு பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ரூலில் ஜிஎஸ்டியை விலக்காகச் சேர்த்துக்கொள்ளலாம், இடம் இருக்கிறது.

இம்போர்ட் வரிசை. இன்டெல்லிஜே எடிட்டர் ஸ்டாடிக் இம்போர்ட்டைக் கடைசியில் வைக்கும், கூகுள் ரூல் முதலில் கேட்கும். கையால் நகர்த்தி வைப்பீங்க, அடுத்த தடவை ஆப்டிமைஸ் இம்போர்ட்ஸ் தட்டினால் திரும்பக் கீழே போய்விடும். எடிட்டர் செட்டிங்கை மாற்றாமல் கோடை மாற்றுவது வெட்டி வேலை. அங்கேயே இன்னொன்று: ஒரே பேக்கேஜிலிருந்து ஐந்து கிளாஸ் ஆனதும் அதுவாகவே நட்சத்திரக் குறி போட்டுச் சுருக்கிவிடும், ஸ்டார் இம்போர்ட் கூடாது என்கிற ரூலில் விழும். அந்த ஐந்தை 999 ஆக்குங்க.

தமிழிலேயே மெத்தட் பெயர் வைக்கலாமா என்று ஒரு குறும்புக்காரர் கேட்டார். ஜாவா தாராளமாக விடும், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் கூட ஏற்றுக்கொள்ளும். செக்ஸ்டைலின் மெத்தட்நேம் ரூல்தான் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆரம்பிக்கச் சொல்லி மறிக்கும். அந்த ரூலைத் தளர்த்தினால் போகும். பக்கத்து சீட்டில் இருப்பவரையும் கேட்டுக்கொள்ளுங்க.

பிப்ரவரி 2

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். இந்தத் தடவை தலைகீழ்: "அண்ணா, கூகுள் ரூலுக்கு மாத்திட்டோம். இப்ப என்ன எழுதினாலும் பாஸ் ஆகுதுங்க. வேணும்னே கேவலமா ஒரு கிளாஸ் எழுதிப் பாத்தேன், அதுவும் பாஸ்."

வேண்டுமென்றே கேவலமாக எழுதிப் பார்த்தது அருமை. ரூல் மாற்றினால் முதலில் செய்ய வேண்டியது அதுதான், யாரும் செய்வதில்லை. செக்ஸ்டைலோடு வரும் கூகுள்_செக்ஸில் எல்லா மீறலுக்கும் வார்னிங் என்ற தரம்தான். மேவன் ப்ளகின் பில்டை நிறுத்துவது எர்ரர் தரத்துக்கு. ஆக அது குறை எல்லாம் சொல்லும், எதையும் நிறுத்தாது. ப்ளகினில் வயலேஷன்செவெரிட்டி என்பதை வார்னிங் என்று வைங்க.

வைத்த அன்றைக்குச் சிவப்பாகக் கொட்டும். இரண்டு இட உள்தள்ளலா நாலா என்ற சண்டையும் அன்றைக்கே வரும், கூகுளுக்கு இரண்டு. பழைய கோடு நாலு என்றால் ஃபார்மேட்டரை ஒரே கமிட்டில் ஓட்டிவிடுங்க, அந்தக் கமிட்டில் வேறு எதையும் கலக்காதீங்க.

பிப்ரவரி 3

சீட்டின் தமிழ்ச் சரங்களை ஜாவா ஃபைலிலிருந்து எடுத்து ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலுக்கு (சொற்களைத் தனியாக எழுதி வைக்கும் ஃபைல்) மாற்றப் போகிறாராம். வரி நீளத் தொல்லையும் போகும், நாளைக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் என்பதற்குப் பதில் மில்லுக்காரர் வேறு சொல் கேட்டாலும் கோடைத் தொட வேண்டியதில்லை. செய்யலாம்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்க தம்பி. எடை மேடை அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எந்த ஜாவா? 9 அல்லது அதற்கு மேல் என்றால் ஜாவாவின் ரிசோர்ஸ் பண்டில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை யுடிஎஃப்-8 என்றே படிக்கும், தமிழை அப்படியே எழுதலாம். 8 என்றால் மேற்கத்திய எழுத்துக்கு மட்டுமான லத்தீன்-1 என்று படிக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியையும் யூனிகோட் எண்ணாக மாற்றி எழுதணும், அதற்கான நேட்டிவ்2ஆஸ்கி கருவி ஜேடிகே 8ஓடு நின்றுவிட்டது. ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் அந்த எண்களை வைத்தால் செக்ஸ்டைல் ஒன்றும் சொல்லாது. ஜாவா ஃபைலிலேயே வைத்தால்தான் கூகுள் ரூலில் இன்னொரு எர்ரர் கிடைக்கும்.

மில்லுக்குப் போன் போட்டுக் கேட்டால் "புது கம்ப்யூட்டர்தான்" என்பார்கள். நேரில் போய் ஜாவா -வெர்ஷன் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்க.